கப்பலில் நின்ற அமெரிக்கர்

1895 ஆகஸ்ட் மாதம். சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு 'காப்டிக்' என்ற நீராவிக் கப்பல் வந்து சேர்கிறது. சீனாவில் இருந்த மனைவி, பிள்ளையைப் பார்த்துவிட்டு அதில் ஊர் திரும்பியிருந்தார் ஓர் இளம் சமையல்காரர். பெயர் வோங் கிம் ஆர்க். கப்பலிலிருந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம், அவர் பிறந்த சாக்ரமெண்டோ தெருவுக்கு. ஆனால் இறங்க விடவில்லை.

இப்படி ஏதாவது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் 1894 நவம்பரில் கிளம்பும் முன்பே, போட்டோ ஒட்டி, 'இவர் இந்த ஊரில் பிறந்தவர்தான்' என்று வெள்ளைக்காரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டு போனார். சுங்க அதிகாரி ஜான் வைஸுக்கு அந்தத் தாள் போதவில்லை. இங்கே பிறந்திருக்கலாம், ஆனாலும் நீ சீனன்தான், 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டப்படி உனக்கு இடமில்லை என்பது அவர் நிலை. வோங்கைக் கரைக்கு அனுப்பாமல் காப்டிக், கேலிக், பீக்கிங் என்று கப்பல் மாற்றிக் கப்பலாக அடைத்து வைத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் அவர் கடலிலேயே கிடந்தார். பிறந்த ஊர் கண்ணுக்கு எதிரே. கால் வைக்க வழியில்லை.

'அமெரிக்கர்' என்றால் யார் என்று கேட்டால் சுதந்திர தேவி சிலையிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. எனக்கு இந்தச் சமையல்காரரிடமிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. இன்றைக்கு நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் பிறக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் இருக்கும் நீல நிற பாஸ்போர்ட்டுக்கு அவர்தான் வழி திறந்துவிட்டார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரே ஒரு வாக்கியம்

வோங்கின் பக்கம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கா உருவான புதிதில், 1790-ல், குடியுரிமைச் சட்டம் ஒன்று போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் குடிமகனாக வேண்டுமானால் அவர் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். வருபவர்களுக்கு இது. அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, பருத்திக் காட்டில் உழைத்துச் செத்த கறுப்பின மக்கள்? 1857-ல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானி பதில் சொன்னார்: அடிமையாக இருந்தாலும் சரி, விடுதலை பெற்றவராக இருந்தாலும் சரி, ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது. நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது.

அதன் பிறகு உள்நாட்டுப் போர். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள். போர் முடிந்து, 1868 ஜூலையில் அரசியல் சட்டத்தில் 14-ஆவது திருத்தம் சேர்ந்தது. அதன் முதல் வாக்கியம், அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட எவரும் குடிமக்களே என்கிறது. அப்பன் யார், நிறம் என்ன, மதம் என்ன என்ற கேள்வியே அதில் கிடையாது. அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் பிள்ளைகளை இனி எந்த நீதிபதியும் வெளியே தள்ளக் கூடாது என்பதற்காக எழுதியது. அமெரிக்கா உலகத்துக்குக் கொடுத்தவற்றில் மின்விளக்கைவிடவும் விமானத்தைவிடவும் இந்த வாக்கியத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த வாக்கியம் சீனனுக்கும் பொருந்துமா? சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்கள் வோங்குக்காக வக்கீல் வைத்தன. அரசுத் தரப்பில் வழக்கை நடத்திய ஹோம்ஸ் கான்ராட், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் அதிகாரியாக இருந்தவர். பெற்றோர் சீன மன்னரின் குடிகள், ஆகவே பிள்ளையும் அவருடைய குடிதான் என்று வாதம் நடந்தது. 1898 மார்ச் 28 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் வோங் பக்கம் நின்றது. அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, இந்த மண்ணில் பிறந்தால் இந்நாட்டுக் குடி என்று தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹொரேஸ் கிரே.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்றே வருடம் கழித்து, 1901-ல், டெக்சாஸின் எல் பாசோ நகரில் வோங்கை மறுபடியும் பிடித்தார்கள். சட்டவிரோதமாக உள்ளே வந்த சீனன் என்று குற்றச்சாட்டு. எந்த மனிதரின் பெயரில் நாட்டின் குடியுரிமைச் சட்டமே நிற்கிறதோ, அவரே 300 டாலர் ஜாமீன் கட்டி, தான் அமெரிக்கன் என்று மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது. 1910-ல் சீனாவிலிருந்து வந்த அவருடைய மூத்த மகனை, நீ அவர் பிள்ளைதான் என்பதற்கு உன் பதில்கள் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்ற இடத்தில் அந்தக் காலத்தில் விசாரணை நடக்கும். ஊரில் உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம் என்றெல்லாம் அப்பனையும் பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்பார்கள். பதில் பிசகினால் போச்சு. பின்னாளில் வந்த மற்ற மகன்களை உள்ளே விட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே அமெரிக்கா அவர்களில் கடைசி மகனைப் படைக்கு அழைத்துக்கொண்டது.

'நான் உயர்ந்த சாதி'

இப்போது நம்மவர் ஒருவர் கதை. இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

பகத் சிங் திண்டு பஞ்சாபில் பிறந்தவர். 1913-ல் அமெரிக்கா போனார். ஆரெகன் மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். தலைப்பாகையோடு அந்த ராணுவத்தில் பணியாற்றிய முதல் சிலரில் ஒருவர். 1918 டிசம்பரில் ராணுவச் சீருடையிலேயே போய்க் குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் ரத்து செய்தார்கள். மறுபடி விண்ணப்பித்தார். 1920-ல் ஆரெகன் நீதிமன்றம் கொடுத்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1790-ன் அந்த 'வெள்ளையர்' என்ற சொல் அப்போதும் சட்டத்தில் இருந்தது. 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரை அதில் சேர்த்திருந்தார்கள், ஆசியர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே திண்டு தன்னை வெள்ளையர் என்று காட்டியாக வேண்டும். அவர் தரப்பு என்ன வாதிட்டது தெரியுமா? திண்டு உயர்சாதி இந்து, தூய ஆரிய ரத்தம், ஆகவே காகேசியர். சீக்கியர்தான், ஆனால் அன்றைய அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து வந்த எல்லோருக்கும் 'இந்து' என்றே பெயர். அதோடு நிற்கவில்லை. திருமணம் என்று வந்தால், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியப் பழங்குடியைப் பார்க்கிறார் என்றும் மனுவில் எழுதினார்கள். அதாவது, நாங்களும் உங்களைப் போலத்தான், எங்களுக்கும் கீழே ஆட்கள் உண்டு என்ற வாதம்.

நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் 1923 பிப்ரவரியில் தீர்ப்பு எழுதினார். சதர்லேண்டே இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். மூன்று மாதத்துக்கு முன்புதான் தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் 'வெள்ளையர் என்றால் காகேசியர். நீ காகேசியர் இல்லை' என்று இதே நீதிபதி சொல்லியிருந்தார். ஒசாவா இருபது வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலம்தான் பேசியவர். அதெல்லாம் கணக்கில் வரவில்லை. இப்போது திண்டு வந்து 'நான் காகேசியர்' என்று நின்றதும், இனவியல் அறிஞர் சொல்வது முக்கியமில்லை, தெருவில் போகும் சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைப்பானோ அவர்தான் வெள்ளையர் என்று அளவுகோலையே மாற்றினார்.

அந்தத் தீர்ப்பில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஆரியரும் கறுத்த நிறத் திராவிடரும் கலந்துவிட்டார்கள், அதைத் தடுக்கத்தான் சாதி விதிகள், ஆனால் அவை முழுதாகப் பலிக்கவில்லை என்று நீதிபதி எழுதுகிறார். வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள், ஒருவர் அமெரிக்கரா இல்லையா என்று முடிவு செய்வதற்குச் சாதியின் காவல் எவ்வளவு கெட்டி என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது.

திண்டைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சட்டம் அடைத்து வைத்த கதவில் எந்தச் சாவி பொருந்தும் என்று தேடியவர் அவர். இந்திய விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர். ஆனால் அவர் தரப்பு எடுத்த சாவி தப்பு. வோங் 'நான் இங்கே பிறந்தேன்' என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்ல அவர் யாரையும் கீழே தள்ள வேண்டியிருக்கவில்லை. அந்தத் தீர்ப்பால் அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் பிழைத்தார்கள். திண்டு தரப்பு 'நான் மட்டும் மேலானவன், என்னை மட்டும் உள்ளே விடு' என்றது. தோற்றபோது அவரோடு சேர்ந்து எல்லோரும் தோற்றார்கள். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் மீதும் வழக்குப் பாய்ந்து, பலரிடமிருந்து அது பறிபோனது.

அப்படிப் பறிகொடுத்தவர்களில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய். 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். கையில் பணம் இருந்தது. கடை வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வாழ மாட்டேன் என்றுதான் ஊரை விட்டே வந்தவர். 1921-ல் அமெரிக்கக் குடிமகனானார். பெர்க்லியில் ஒரு வீடு வாங்கி, சாமான்களோடு குடியேறப் போன அன்று, அக்கம்பக்கத்தார் உள்ளே விடாமல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். திண்டு தீர்ப்புக்குப் பிறகு குடியுரிமை போனது. கலிஃபோர்னியாவின் நிலச் சட்டப்படி, குடிமகனாகத் தகுதியில்லாதவர் சொத்து வைத்திருக்க முடியாது; அதுவும் போனது. இந்தியாவுக்குப் போய் உறவுகளைப் பார்த்துவர பாஸ்போர்ட் கேட்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். எதை உதறிவிட்டு வந்தாரோ அதையே திரும்ப எடுத்து உடுத்திக்கொள்ளச் சொன்னார்கள். 1928-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிள்ளைகளை அமெரிக்கர்களாக வளர்க்க நினைத்த தனக்கு இந்த நாடு என்ன செய்தது என்று கேட்டு அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது.

கலா பகாய் மூன்று மகன்களையும் படிக்க வைத்து ஆளாக்கினார். இந்தியர்கள் குடியுரிமை பெற 1946-ல் வழி பிறந்த பிறகு அவரும் குடிமகளானார். எந்த ஊரில் வீட்டைப் பூட்டி விரட்டினார்களோ, அதே பெர்க்லி நகரின் நடுவில் இன்று ஒரு தெருவுக்கு அவர் பெயர். திண்டுக்கும் 1936-ல் குடியுரிமை கிடைத்தது, முன்னாள் ராணுவத்தினருக்காக வந்த ஒரு தனிச் சட்டத்தின் வழியாக.

அக்காவின் நூறு கேள்விகள்

என் அத்தை மகள் ஒருவர் நியூஜெர்சியில் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சில வருடங்களுக்கு முன்பு அவர் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் நான்தான் கேள்வி கேட்பேன். அப்போது நூறு கேள்வி இருந்தது. அதிகாரி பத்து கேட்பார். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. அரசியல் சட்டத்தில் எத்தனை திருத்தங்கள், செனட்டர்கள் எத்தனை பேர், நாட்டின் மிக நீளமான இரண்டு ஆறுகளில் ஒன்று எது... சமையலறையில் தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே பதில் வரும். "அமெரிக்காவில் வாழ்ந்த பூர்வகுடி இனம் ஒன்றின் பெயர்?" என்று கேட்டால் சட்டென்று "செரோக்கி" என்பார்.

அந்தக் கேள்வி எனக்கு மனசில் தங்கிவிட்டது. அந்த மண்ணுக்கே உரியவர்கள் அவர்கள். ஜான் எல்க் என்ற பூர்வகுடி மனிதர் நெப்ராஸ்காவில் ஓட்டுப் போடப் போனபோது விடவில்லை. நீ பிறந்தது உன் இனக் குழுவின் ஆளுகைக்குக் கீழ், ஆகவே 14-ஆவது திருத்தம் உனக்கு இல்லை என்று 1884-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாப் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924-ல்தான். அதற்குள் அவர்களில் பலர் முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டையிட்டுவிட்டு வந்திருந்தார்கள். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1948 வரை அவர்களுக்கு ஓட்டுரிமை தரவில்லை. வீட்டுக்காரரைக் கடைசியில் உள்ளே விட்ட கதை இது.

அக்கா தேர்வில் தேறினார். உறுதிமொழி விழா நியூவார்க்கில். வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கையில் சின்னக் காகிதக் கொடி ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்களாம். "பத்து வருஷத்துக்கு மேல பர்ஸ்ல இருந்த கார்டுடா. அதைக் கொடுத்துட்டு உக்காந்தா, கை வெறுமையா இருந்துச்சு. அந்த அரை மணி நேரம் நான் எந்த ஊர்க்காரின்னே எனக்குத் தெரியல" என்றார். பிறகு ஒவ்வொரு நாட்டின் பெயராக வாசித்தார்கள். அந்தந்த நாட்டுக்காரர் எழுந்து நிற்க வேண்டும். இந்தியா என்றதும் அக்கா எழுந்தார். எல்லா நாடும் நின்று முடிந்த பிறகு வலது கையை உயர்த்தி உறுதிமொழி. இதுவரை இருந்த எந்த அரசுக்கும் இனி விசுவாசம் இல்லை, அமெரிக்க அரசியல் சட்டத்தைக் காப்பேன், சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன்.

இதில் ஒன்று பாருங்கள். மன்னர் பெயர் இல்லை, மதம் இல்லை, மொழி இல்லை, முன்னோர் இல்லை. சத்தியம் செய்வது ஒரு சாசனத்தின் மேல். அங்கேயே பிறந்தவர்களுக்கு இந்த உறுதிமொழி கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் மட்டும்தான் வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே அடுத்த வேலை, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ரத்து செய்வது. பிறகு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம். திருச்சியில் வாங்கிய முதல் பாஸ்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் அக்கா ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். கடைசியாக இருந்தது முத்திரை குத்தித் திரும்பி வந்ததும் அதையும் அந்தக் கட்டிலேயே சேர்த்துக் கட்டிவிட்டார்.

வரிசையில் நிற்பவர்கள்

அக்கா போன்றவர்களுக்குக் கதவு திறந்தது 1965-ல். அதுவரை எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்று ஐரோப்பாவுக்குச் சாதகமாக இருந்த ஒதுக்கீட்டை அந்த வருடச் சட்டம் ஒழித்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டமும் வந்திருக்காது. அவர்கள் தடியடி பட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் உள்ளே போனார்கள். இந்தக் கடனை நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

அதற்கு முந்தைய வருடம், 1964 அக்டோபரில், ஓக்லாந்தில் கமலா ஹாரிஸ் பிறந்தார். அம்மா சியாமளா கோபாலன் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். அப்பா ஜமைக்காவிலிருந்து வந்தவர். மகள் பிறந்தபோது இருவருமே அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. மகள் பிறந்த நொடியிலேயே குடிமகள், வோங்கின் தீர்ப்பால். 2020-ல் அவர் துணை அதிபராகத் தேர்வானபோது தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தோம், கோயிலில் பூசை செய்தோம். தப்பில்லை. ஆனால் அதே உரிமையோடு பிறக்கும் மெக்சிகோ தோட்டத் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், 'நாங்க முறைப்படி வந்தவங்க, அவங்க வேற' என்று சொல்லும் தமிழ்க் குரல்களை நானே கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குத் திண்டின் மனுதான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தக் குரல்களுக்கு 2025 ஜனவரி 20 பதில் சொன்னது. அதிபர் டிரம்ப் பதவியேற்ற அன்றே பிறப்பித்த ஆணை, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களோடு எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களையும் ஒரே தராசில் வைத்தது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லையென்றால் இனிப் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. மூன்றாம் நாளே சியாட்டிலில் ஒரு நீதிபதி தடை போட்டார். அதன் பிறகு நீதிமன்றம் நீதிமன்றமாக வழக்குப் போய், வோங் கிம் ஆர்க் என்ற பெயர் மறுபடி எல்லோர் வாயிலும் வந்தது.

இந்தியர்களுக்கு அந்த ஆணை ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், கிரீன் கார்டு வரிசைதான் காரணம். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏறக்குறைய 7 சதவீதம்தான். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்குக் காத்திருப்பு பல பத்தாண்டுகள். இதனால் ஒரே வீட்டில் இரண்டு விதமான பிள்ளைகள். மூன்று வயதில் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு போன மூத்தவன். அங்கே பிறந்த இளையவள். ஒரே பள்ளி, ஒரே பேஸ்பால், ஒரே உச்சரிப்பு. மூத்தவனுக்கு 21 வயது ஆனதும் அப்பாவின் விசாவில் அவன் பெயர் நிற்காது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது நினைவே இல்லாத ஒரு நாட்டுக்குத் 'திரும்ப' வேண்டும். தங்கையோ அமெரிக்காவின் அதிபராகக்கூடத் தகுதி உள்ளவள். இந்த இருவரில் அமெரிக்கர் யார் என்று அவர்கள் படித்த பள்ளியின் மாணவர்களைக் கேட்டால், கேள்வியே புரியாமல் விழிப்பார்கள். 14-ஆவது திருத்தம் பிறந்தவர்களைக் காக்கிறது. அங்கேயே வளர்ந்தவனைக் காக்கும் வாக்கியத்தை அந்த நாடு இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்பது என் ஆசை.

போன வருடம் அக்கா ஊருக்கு வந்திருந்தார். மலைக்கோட்டைப் பக்கம் கடைக்குப் போனபோது பில் கட்டக் கைப்பையைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் அமெரிக்க பாஸ்போர்ட், அதோடு குடியுரிமைச் சான்றிதழின் நகல், நான்காக மடித்து.

"பயணத்துக்குத்தானேக்கா இது? கடைக்கு எதுக்கு?" என்றேன்.

அங்கேயும் இப்போதெல்லாம் காய்கறி வாங்கப் போனால்கூட இது பையில் இருக்குமாம். மகன் சிரிக்கிறானாம், யாரும்மா உன்னைக் கேட்கப் போறாங்க என்று. அவன் அங்கே பிறந்தவன்.

"இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.